எழுநூறு கோடி அணு சேர்ந்தால் ஒரு புள்ளி

நம்ம டிபார்ட்மெண்ட் லைப்ரரியில் பழைய புராஜெக்ட் ரிப்போர்ட் எதையாவது எடுத்துப் புரட்டிப் பாருங்கள். முலாம் பூச்சு, பேட்டரி, அரிமானம் என்று தலைப்பு எதுவாக இருந்தாலும் கடைசி அத்தியாயத்தில் ஒரு படம் கட்டாயம் இருக்கும். சாம்பல் நிறத்தில், காலிஃப்ளவர் மாதிரி எதுவோ. கீழே ஒரு வெள்ளைக் கோடு, அதன் பக்கத்தில் இத்தனை மைக்ரான் என்று ஒரு எண். அதுதான் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம், நம்ம பாஷையில் ‘செம்’. சாம்பிளைக் குட்டி டப்பாவில் போட்டு, வெளி லேபுக்கு அனுப்பி, டீமில் தலைக்கு இவ்வளவு என்று காசு பிரித்து, வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கிய படம். அதைப் பார்த்ததும் வைவாவில் எல்லாரும் தலையாட்டுவார்கள்.

செம் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அந்தப் படம் எடுக்கப்படும் நேரத்தில் கதை முடிந்துவிட்டது. எலக்ட்ரோடை வெளியே எடுத்து, கழுவி, காயவைத்து, வெற்றிடத்துக்குள் வைத்த பிறகு எடுக்கிற படம் அது. கல்யாண மண்டபத்துக்குப் பந்தி முடிந்த பிறகு போய், எச்சில் இலையைப் பார்த்து யார் எதை முதலில் சாப்பிட்டார்கள் என்று சொல்வது மாதிரி. ஓரளவு சொல்லலாம்தான். பாயசம் வழிந்த தடம் தெரியும். ஆனால் வரிசை தெரியாது.

எங்கள் ஃபைனல் இயர் புராஜெக்ட்டில் அந்த வரிசையைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டோம். ஒரு எலக்ட்ரோடின் மேல் உலோகம் வந்து உட்காரும்போது, முதல் துகள் எப்போது தெரிகிறது, எங்கே தெரிகிறது, அடுத்தது என்ன ஆகிறது? இதற்குத் தேவைப்பட்ட கருவி மெட்டலர்ஜி லேபில் உறை போட்டு மூடியிருந்த சாதாரண ஆப்டிகல் மைக்ராஸ்கோப். இரண்டாம் வருடத்தில் வார்ப்பிரும்பு, எஃகு எல்லாம் பாலிஷ் போட்டுப் பார்த்து, ரெக்கார்டில் பென்சிலால் வரைந்தோமே, அதே மைக்ராஸ்கோப்தான்.

அது ஏன், பயாலஜி லேபில் இருப்பது போதாதா என்று கேட்பீர்கள். வெங்காயத் தோல் பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் வெளிச்சம் கீழேயிருந்து மேலே வரும். உலோகத்துக்குள் ஒளி போகாது என்பதால், எந்த உலோகமானாலும் அதில் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். மெட்டலர்ஜி மைக்ராஸ்கோப்பில் வெளிச்சம் லென்ஸ் வழியாகவே கீழே இறங்கி, பட்டுத் திரும்பி வரும். அதனால் தாமிரம் தாமிர நிறத்திலேயே தெரியும். எங்களுக்கு இரண்டுமே பயன்பட்டது. எது எப்போது என்று போகப் போகச் சொல்கிறேன்.

செல் செய்வது ஒரு மதிய வேலை. ஐடிஓ கண்ணாடி என்று ஒன்று உண்டு. இண்டியம், டின் ஆக்சைடு மெல்லிசாகப் பூசிய கண்ணாடி. பார்க்க வெறும் கண்ணாடி, ஆனால் ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் கடத்தும். எந்தப் பக்கம் என்று கண்ணால் தெரியாது. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தால், கடத்துகிற பக்கத்தில் எதிர்ப்பு கம்மியாகக் காட்டும். அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, ஓரங்களில் டபுள் சைடு டேப் ஒட்டி, நடுவில் மயில்துத்தக் கரைசல் ஒரு சொட்டு, அதில் கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம், ஒரு ஓரத்தில் தாமிரக் கம்பி, மேலே கவர் ஸ்லிப். அவ்வளவுதான். ஐடிஓவை நெகட்டிவ்வில் மாட்டி, கம்பியைப் பாசிட்டிவ்வில் மாட்டினால் முடிந்தது. கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் நெயில் பாலிஷ் தடவி அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விளக்கின் சூட்டில் சொட்டு ஓரத்திலிருந்து காய ஆரம்பிக்கும், உங்கள் செறிவு என்ன என்று உங்களுக்கே தெரியாது.

ஸ்விட்சைப் போட்டதும் உடனே ஒன்றும் தெரியவில்லை. கருநீலமாய், வெறுமையாய் ஒரு வட்டம். பார்ட்னர் “கனெக்‌ஷன் லூஸா இருக்குமோ?” என்று கம்பியைத் தொடப் போனான். அம்மீட்டரில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் ஓடுகிறது என்றால் ஃபாரடே 1834லேயே சொன்ன கணக்குப்படி தாமிரம் படிந்துகொண்டுதான் இருக்க வேண்டும். ஆனால் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. சில விநாடிகள் கழித்து, ஒரு கீறல் இருந்த இடத்தில் மூன்று புள்ளிகள். செம்மண் நிறத்தில். பிறகு இன்னும் நான்கு. பிறகு திரை முழுக்க, சித்திரை மழையில் முதல் தூறல் சிமெண்டுத் தரையில் விழுகிற மாதிரி.

அந்த சில விநாடி வெறுமையைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

ஒளியால் பார்க்கிற எதற்கும் ஒரு எல்லை உண்டு. ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873ல் சொன்னது: ஒளியின் அலைநீளத்தை, லென்ஸின் எண் துளையைப் போல இரு மடங்கால் வகுத்தால் வருவதுதான் பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய தூரம். பச்சை ஒளி 0.55 மைக்ரான். எங்கள் 20 மடங்கு லென்ஸின் மேல் பொறித்திருந்த எண் துளை 0.40. கணக்குப் போட்டால் சுமார் 0.7 மைக்ரான். அதைவிடச் சின்னதாக இருந்தால் உருவம் தெரியாது. எங்கள் வெளிச்ச அமைப்பில் பெரும்பாலும் இருப்பதே தெரியாது.

சரி, 0.7 மைக்ரான் அகலமுள்ள ஒரு அரைக்கோளத் தாமிரத் துகளில் எத்தனை அணு இருக்கும்? பன்னிரண்டாம் வகுப்பு கெமிஸ்ட்ரி போதும். கன அளவு, அடர்த்தி 8.96, அணு நிறை 63.5, அவகாட்ரோ எண். நான் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். சுமார் 760 கோடி வந்தது. சந்தேகப்பட்டு இன்னொரு முறை போட்டேன். அதேதான். உலகத்தில் இன்று இருக்கிற மொத்த ஜனத்தொகைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. அதாவது “இதோ, இப்பதான் பிறந்துச்சு” என்று நான் கை நீட்டிக் காட்டிய புள்ளி, ஊரும் உலகமுமாகக் குடியேறி முடிந்த ஒரு பூமி. உண்மையான பிறப்பு, கைவிட்டு எண்ணக்கூடிய சில அணுக்கள் ஒன்றுசேர்ந்து ‘இனி கரைய மாட்டோம்’ என்று நின்ற அந்தக் கணம், எங்களுக்குத் தெரியாமலேயே நடந்து முடிந்துவிட்டது.

இதே துகளை மின்னூட்டமாகச் சொன்னால் சுமார் 2.4 நானோகூலம். அதாவது ஒரு மில்லி ஆம்பியரை ஒரே ஒரு விநாடி விட்டால் இப்படி நான்கு லட்சம் துகள்களுக்குப் போதும். அம்மீட்டரின் முள் அசைவில் இவ்வளவு கூட்டம் இருக்கிறது என்று எனக்கு அதற்கு முன் உறைத்ததில்லை.

செகண்ட் ரிவ்யூவில் வீடியோவைப் போட்டுக் காட்டினோம். பேனலில் ஒருவர், “நல்லா இருக்கும்மா, ஆனா வீடியோ டேட்டா ஆகாது. கிராஃப் எங்கே?” என்றார். கோபம் வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது என்று ஹாஸ்டலுக்கு நடக்கும்போதே தெரிந்துவிட்டது. ஒரு வீடியோவைப் பார்த்து ‘ஆஹா’ என்பதற்கும், அதிலிருந்து ஒன்றைச் சொல்வதற்கும் நடுவில் எண்ணுவது என்று ஒரு வேலை இருக்கிறது. இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் ஃப்ரேம் ஃப்ரேமாக வீடியோவைப் பிரித்து, ஒவ்வொரு விநாடிக்கும் எத்தனை புள்ளி, ஒவ்வொன்றின் விட்டம் என்ன என்று எண்ண ஆரம்பித்தோம். முதல் இருபது ஃப்ரேமைக் கையால் எண்ணினோம். மென்பொருள் எங்கே ஏமாறுகிறது என்று தெரிய அதைத் தவிர வேறு வழியில்லை. குமிழியைத் துகள் என்று எண்ணும், ஒட்டிக்கொண்ட இரண்டை ஒன்று என்று எண்ணும், லென்ஸில் இருந்த தூசியையும் சேர்த்துக்கொள்ளும்.

அப்படி எண்ணியதை, அதே சமயம் பதிவான கரண்ட் கிராஃப் பக்கத்தில் வைத்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

கரண்ட் கிராஃப் ரொம்ப அழகானது. வோல்டேஜைப் போட்டதும் ஒரு குதி, ஒரு சரிவு, பிறகு மெல்ல ஏறி ஒரு உச்சி, பிறகு நீண்ட இறக்கம். இந்த உருவத்தை வைத்தே துகள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பிறந்தனவா, இல்லை ஒவ்வொன்றாகப் பிறந்துகொண்டே இருந்தனவா என்று பிரித்துச் சொல்ல ஷாரிஃப்கர், ஹில்ஸ் என்ற இருவர் 1983ல் ஒரு முறை கொடுத்தார்கள். இன்றுவரை மின்படிவு பற்றிய கட்டுரைகளில் அந்த இரண்டு கோடுகளையும் போட்டு, தங்கள் புள்ளிகளை அதன்மேல் பொருத்திக் காட்டுவது வழக்கம். நாங்களும் பொருத்தினோம். ‘ஒரே நேரத்தில்’ என்ற கோட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. எண்ணிக்கையும் அதையேதான் சொன்னது: ஆரம்பத்தில் வேகமாக ஏறி, அப்புறம் புதிதாக எதுவும் வராமல் நின்றுவிட்டது. ரிவ்யூவுக்கு இது போதும்.

ஆனால் கிராஃப் சொல்லாததையும் வீடியோ சொன்னது. கிராஃப் என்பது அத்தனை துகள்களின் கூட்டுத்தொகை. வகுப்பு சராசரி மாதிரி. சராசரி 62 என்றால் வகுப்பில் யாருக்கும் 62 இருக்க வேண்டும் என்று அவசியமில்லை, தெரியும்தானே? திரையில் ஒரே சமயத்தில் பிறந்த துகள்களில் சில வேகமாகப் பெருத்தன. சில அப்படியே நின்றுவிட்டன. ஒரு குறிப்பிட்ட ஜோடியை நான் இருபது தடவையாவது திரும்பத் திரும்பப் பார்த்திருப்பேன். பத்து மைக்ரான் இடைவெளியில் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. கொஞ்ச நேரத்தில் இடது பக்கத்தது பெரிதாகிக்கொண்டே போகிறது, வலது பக்கத்தது வளர்வதை நிறுத்திவிடுகிறது. பெரிய துகள் தன்னைச் சுற்றியிருக்கும் தாமிர அயனிகளை இழுத்துக்கொள்வதால், அதைச் சுற்றி ஒரு வறண்ட வளையம் உண்டாகிறது. அந்த வளையத்துக்குள் புதிதாக ஒன்றும் முளைக்காது, ஏற்கனவே முளைத்ததும் தேறாது. ஆலமரத்தடியில் செடி வைத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும். அந்த வளையங்கள் ஒன்றோடு ஒன்று மோத ஆரம்பிக்கும் நேரம்தான் கிராஃபில் அந்த உச்சி.

இன்னொன்று. கீறல்கள். ஐடிஓவைத் துடைக்கும்போது விழுந்த மெல்லிய கீறல் ஒவ்வொன்றின் மேலும் துகள்கள் எறும்பு வரிசை மாதிரி அடுக்கி நின்றன. புத்தகத்தில் ‘குறைபாடுகளில் கருவுருவாதல் எளிது’ என்று ஒரு வரியில் போய்விடுவார்கள். அந்த வரியை இவ்வளவு வரிவரியாக எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு, எலக்ட்ரோடைக் கழுவும்போது எனக்குக் கை தானாகவே மெதுவாகிவிட்டது.

இதுவரை சொன்னது அடக்கமான தாமிரம். இப்போது அவசரப்பட்ட தாமிரம்.

இதற்கு ஐடிஓ கூட வேண்டாம், உங்கள் ரூமிலேயே ஆரம்பிக்கலாம். சாதா கண்ணாடி ஸ்லைடு, எதிரெதிரே இரண்டு தாமிரக் கம்பி, நடுவில் அமிலம் சேர்க்காத மயில்துத்தக் கரைசல், மேலே கவர் ஸ்லிப், இரண்டு டார்ச் பேட்டரி. பயாலஜி மைக்ராஸ்கோப் போதும். இங்கே நிழல்தான் நமக்கு வேண்டும். நெகட்டிவ் கம்பியிலிருந்து கறுப்பாகக் கிளைகள் கிளம்பும். கிளையிலிருந்து கிளை, அதிலிருந்து கிளை. துத்தநாக சல்பேட், துத்தநாகக் கம்பி வைத்துச் செய்தால் இன்னும் அழகாக, பெரணி இலை மாதிரி வரும். ஜப்பானில் மட்சுஷிதாவும் கூட்டாளிகளும் 1984ல் இந்தத் துத்தநாக இலைகளை அளந்து, அதன் பின்னப் பரிமாணம் சுமார் 1.66 என்றார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பு, விட்டன், சாண்டர் என்ற இருவர், கால்போன போக்கில் அலைந்து வந்து தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும் புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் விட்டு வளர்த்த உருவத்துக்கும் கிட்டத்தட்ட அதே எண்தான். கோடிங் தெரிந்தவர்கள் அந்த புரோகிராமை ஐம்பது வரிக்குள் எழுதிவிடலாம், எழுதிப் பாருங்கள்.

ஏன் கிளை? மேடாக இருக்கிற இடம் கரைசலுக்குள் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அலைந்து வரும் அயனி முதலில் அதன்மேல்தான் மோதும். அதனால் மேடு இன்னும் மேடாகும். பள்ளத்துக்கு வர வேண்டிய அயனி வழியிலேயே பிடிபட்டுவிடும். பஸ் ஸ்டாப்பில் ரோட்டுக்கு நடுவில் போய் நிற்பவனுக்குத்தான் சீட் கிடைக்கும் என்பது மாதிரி. கரண்ட் குறைவாக இருந்தால் பள்ளத்துக்கும் போதுமான அயனி வந்து சேர நேரம் இருக்கும். கரண்டை ஏற்றினால், எலக்ட்ரோடுக்குப் பக்கத்தில் அயனியே தீர்ந்துபோகும் ஒரு நேரம் வரும். அந்த நேரத்தை ஹென்றி சாண்ட் 1901ல் கணக்குப் போட்டுக் கொடுத்தார். கரண்ட் அடர்த்தி இரண்டு மடங்கானால் அந்த நேரம் நான்கில் ஒரு பங்காகிவிடும். போன் சார்ஜரில் ‘ஃபாஸ்ட்’ என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த நான்கில் ஒன்றுதான் ஞாபகம் வருகிறது.

ஏனென்றால் இந்த மரங்கள் பேட்டரிக்குள் வளர்ந்தால் விபரீதம். லித்தியம் பேட்டரியில் இரண்டு எலக்ட்ரோடுகளையும் பிரித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் படலம் சுமார் 20 மைக்ரான் தடிமன். நம் தலைமுடியைவிட மெலிது. ஒரே ஒரு கிளை அதைத் தாண்டினால் ஷார்ட், சூடு, தீ. இது வெறும் பயமுறுத்தல் இல்லை. லித்தியம் உலோகத்தையே எலக்ட்ரோடாக வைத்து ரீசார்ஜ் பேட்டரி விற்ற கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனம், ஜப்பானில் போன்கள் தீப்பிடித்ததால் 1989ல் தன் பேட்டரிகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. 1991ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயன் பேட்டரியில் லித்தியம் உலோகமே கிடையாது. கார்பனுக்குள் அயனியாகப் போய் ஒளிந்துகொள்ளும். அப்படியும், கடும் குளிரில் வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் அது உள்ளே போகாமல் வெளியிலேயே உலோகமாகப் படிந்துவிடும். இப்போது உலோக லித்தியத்தைத் திரும்பக் கொண்டுவரப் பல ஆய்வுக்கூடங்கள் முயல்கின்றன. ஏனென்றால் எடைக்கு எடை அதில் சேமிக்கக்கூடியது மிக அதிகம்.

இந்த இடத்தில்தான் ஆப்டிகல் மைக்ராஸ்கோப்புக்காக நான் சண்டை போடுவேன். 2016ல் எம்ஐடியில் பெங் பை, மார்ட்டின் பசான்ட் உள்ளிட்டவர்கள், மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் லித்தியம் வளர்வதை ஒளியில் பார்த்தபடியே, மின்னழுத்தத்தையும் கூடவே பதிவு செய்தார்கள். அவர்கள் பார்த்தது இரண்டு விதமான வளர்ச்சி. சாண்ட் நேரத்துக்கு முன்பு பாசி மாதிரி வளர்கிற லித்தியம், அது அடியிலிருந்து வளர்கிறது. அந்த நேரத்துக்குப் பிறகு கிளை கிளையாக வளர்கிற லித்தியம், அது நுனியிலிருந்து வளர்கிறது. தலைக்கு டை அடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பதினைந்து நாளில் வெள்ளை எட்டிப் பார்ப்பது வேர்ப்பக்கத்தில்தான். முடி அடியிலிருந்து வளர்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அவரை ஒரே ஒரு தடவை மட்டும் போட்டோ எடுத்தால் அது தெரியுமா? லித்தியமும் அப்படித்தான். வளர்ந்து முடிந்த பிறகு எவ்வளவு கூர்மையான படம் எடுத்தாலும், அது அடியிலிருந்து தள்ளப்பட்டதா, நுனியில் சேர்ந்ததா என்பதை அந்தப் படம் தானாகச் சொல்லிவிடாது. இது சும்மா தெரிந்துகொள்வதற்கான விஷயமும் இல்லை. அடியிலிருந்து தள்ளப்படும் பாசியை நுண்துளைகள் உள்ள பீங்கான் தடுப்பு நிறுத்திவிடுகிறது. நுனியில் வளரும் கிளை அதே துளைக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது. எதைக் கட்டினால் உயிர் தப்பும் என்பதே அந்த வரிசையில் இருக்கிறது.

லித்தியத்தை நம் லேபில் தொட முடியாது. காற்றும் ஈரமும் ஆகாது, ஆர்கான் நிரப்பிய கிளவ் பாக்ஸ் வேண்டும். ஆர்வம் இருப்பவர்கள் காரைக்குடியைப் பாருங்கள். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. எலக்ட்ரோ கெமிஸ்ட்ரி என்றாலே ஃபாரின் என்று நினைக்கிற நமக்கு, அது செட்டிநாட்டுப் பஸ் தூரத்தில் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

தாமிரத்திலேயே பேட்டரிக்கு ஒரு பாடம் கிடைத்தது. மரம் வளர்ந்த பிறகு வயரை மாற்றி மாட்டினோம். பிளஸ் மைனஸ் ஆனது. இனி கரைய வேண்டும். சினிமாவை ரிவர்ஸில் ஓட்டுகிற மாதிரி நுனியிலிருந்து அடிவரை ஒழுங்காகச் சுருங்கும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். சில கிளைகள் அடியில், கழுத்து மாதிரி மெலிந்த இடத்தில், முதலில் கரைந்து அறுந்தன. அறுந்த துண்டுக்கு மின்தொடர்பு போய்விட்டது. அதற்குப் பிறகு அது கரையவும் இல்லை, வளரவும் இல்லை. மற்றவை எல்லாம் காணாமல் போன பிறகும் கரைசலில் அப்படியே மிதந்து நின்றது. பேட்டரிக்காரர்கள் லித்தியத்தில் இதையே ‘செத்த லித்தியம்’ என்கிறார்கள். ஒவ்வொரு சார்ஜுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இப்படி அநாதையாகும் உலோகமும் பேட்டரியின் கொள்ளளவு குறைவதற்கு ஒரு காரணம். கிராஃபில் இது ‘போட்ட மின்னூட்டத்தில் இவ்வளவு சதவீதம் திரும்பவில்லை’ என்று ஒரு எண்ணாக வரும். அந்த எண்ணை நான் நேரில் பார்த்துவிட்டேன், நுனியில் மூன்று கிளையோடு.

கோவை கணபதியில் என் மாமா பிளேட்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறார். செமஸ்டர் லீவில் போனபோது போனில் இந்த வீடியோவைக் காட்டினேன். மரம் வளர்வதைப் பார்த்ததும், “இது பர்னிங் கண்ணு. கரண்ட் ஜாஸ்தி வெச்சா ஓரத்துல கறுப்பா, பொடியா வரும். நாங்க கையில தேய்ச்சுப் பாப்போம், நீ மைக்ராஸ்கோப்புல பாக்கற” என்றார். ஒரு பொருளின் கூர் ஓரங்களில்தான் முதலில் ‘எரியும்’ என்பது அவருக்கு முப்பது வருடமாகத் தெரியும். காரணமும் நான் மேலே சொன்ன அதே பஸ் ஸ்டாப் கதைதான். தொட்டியில் ‘பிரைட்டனர்’ என்று கொஞ்சமே கொஞ்சம் ஒரு திரவம் ஊற்றுவார்கள். பூச்சு கண்ணாடி மாதிரி ஆகும். அது என்ன செய்கிறது என்று கேட்டேன். “பளபளன்னு வரும்” என்றார். சரியான பதில்தான், அதற்கு மேல் பட்டறைக்குத் தேவையில்லை.

திரும்பி வந்து, மயில்துத்தக் கரைசலில் தயோயூரியா மிகக் குறைந்த அளவில் சேர்த்து, அதே ஐடிஓ, அதே வோல்டேஜ். தாமிரச் சுத்திகரிப்பில் வெகுகாலமாகச் சேர்க்கிற பொருள்தான் அது. இந்த முறை தனித்தனிப் புள்ளிகளைப் பார்க்கவே முடியவில்லை. பரப்பு முழுவதும் லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். துகள்கள் இல்லாமல் இல்லை, எங்கள் 0.7 மைக்ரான் எல்லைக்குக் கீழே, ஏகப்பட்டது, நெருக்கமாக. பளபளப்பு என்றால் ஒளியின் அலைநீளத்தைவிடச் சின்ன மேடு பள்ளம் என்றுதான் அர்த்தம். மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாதது கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிகிறது. மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், தம்ஸ் அப் போட்டார்.

இங்கே செம் வேண்டும்தான். அந்தச் சின்னத் துகள்களின் உருவம் என்ன என்று சொல்ல எங்கள் லென்ஸால் ஆகாது. ஆனால் ஆப்டிகலிலேயே இன்னும் ஒரு படி இறங்க வழி இருக்கிறது. ஓட்டு வீட்டில் கண்ணாடி ஓடு வழியாக வெயில் இறங்கும்போது, சாதாரணமாகக் கண்ணுக்கே தெரியாத தூசி மினுமினுவென்று தெரியும், பார்த்திருப்பீர்கள். தூசி பெரிதாகவில்லை. பின்னணி இருட்டாகிவிட்டது. அதே தந்திரம்தான் இருள்புல நுண்ணோக்கி. நேராக வரும் வெளிச்சத்தை மறைத்துவிட்டு, துகள் சிதறடித்த ஒளியை மட்டும் லென்ஸுக்குள் விடுவது. உருவம் தெரியாது, ஆனால் இருப்பது தெரியும், நட்சத்திரம் மாதிரி. சிக்மாண்டி என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில் தங்கத் துகள்களை இப்படிப் பார்க்கும் கருவியை ஜீடன்டாஃப் என்பவரோடு சேர்ந்து உருவாக்கினார். கூழ்மங்கள் பற்றிய ஆய்வுகளுக்காக 1925ம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் அவருக்குக் கிடைத்தது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு: துகள் அலைநீளத்தைவிட மிகச் சின்னதாக இருக்கும்போது அது சிதறடிக்கும் ஒளி விட்டத்தின் ஆறாம் மடிக்கு ஏற்பக் குறையும். விட்டம் பாதியானால் வெளிச்சம் 64ல் ஒரு பங்கு. அதனால் எவ்வளவு இறங்கினாலும் ஓர் இடத்தில் இருட்டு வந்துவிடும். ஆனால் வெள்ளி, தங்கம் இரண்டும் தாராளமாக ஒளியைச் சிதறடிப்பவை, நிறம்கூடக் காட்டும்.

இதை நம் பயாலஜி மைக்ராஸ்கோப்பிலேயே செய்யலாம். கண்டென்சருக்குக் கீழே ஃபில்டர் வைக்கிற வளையத்தில், கறுப்பு சார்ட் பேப்பரை வட்டமாக வெட்டி நடுவில் ஒட்டினால் போதும். வட்டத்தின் அளவை 10 மடங்கு லென்ஸை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் பார்த்துப் பிடிக்க வேண்டும். ஐடிஓ ஒளி புகும் கண்ணாடி என்பதால் கீழேயிருந்து வெளிச்சம் வரத் தடையில்லை. நாங்கள் தூசியை வைத்து இதைச் சரிபார்த்துவிட்டோம், வெள்ளியைப் படிய வைத்துப் பார்ப்பதற்குள் செமஸ்டர் முடிந்துவிட்டது.

அதனால் தேர்ட் இயர் மக்களே, யாராவது எடுத்துச் செய்யுங்கள். போன் கேமராவில் எக்ஸ்போஷரை லாக் செய்துவிட்டு எடுங்கள். இல்லையென்றால் துகள் பெருகப் பெருகக் கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்து, நீங்கள் எண்ணுவது எல்லாம் வீணாகும். அளவுக்கு ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் லேபில் இருக்கிறது, ஒரு கோடு 10 மைக்ரான். சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள், மேஜை அதிர்கிறது. வெள்ளி நைட்ரேட் கையில் பட்டால் நாலு நாள் கறுப்பாக இருக்கும், கிளவ்ஸ் போடுங்கள். மிச்சக் கரைசலை சிங்கில் ஊற்றாமல் டப்பாவில் சேர்த்துக் கொடுங்கள். ஐடிஓ கண்ணாடி இன்னும் நான்கு துண்டு, மெட்டலர்ஜி லேப் அலமாரியில், இரண்டாவது தட்டில், டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறேன். கடத்துகிற பக்கத்தின் மூலையில் மார்க்கரால் ஒரு புள்ளி இருக்கும். லேப் அண்ணாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், கேட்டா எடுத்துத் தருவார்.